முப்பது பேரைக் கூட்டமாக்கியவர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

1. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், மல்கிரேவில் இருந்த சாரணர் மண்டபம் ஒன்றில் எனக்குக் கலியாணம் நடந்தது.

2. குழந்தைகளையும் ஐயர் வேலை பார்த்தவரையும் சேர்த்து, வந்தவர்கள் முப்பது பேர்.

3. அதைப் படமாக எடுத்தவர், தன் நாட்டில் பல வருடங்கள் ஒரு சர்வாதிகாரிக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர்.

4. படத்தில் அந்தக் கலியாணத்துக்குப் பெருங்கூட்டம் வந்திருந்தது.

5. படம் யாழ்ப்பாணம் போனது. என் தங்கையின் சம்பந்தம் அதை நம்பி நின்றது.

6. என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண் கலியாணத்துக்கு வந்தார், வாழ்த்தினார், சாப்பிட்டார். படத்துக்குள் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஆறு வரிகளில் அடங்கிவிடுகிற விஷயம்தான். ஆனால் அந்தப் படப்பிடிப்பாளர் கலைஞரா, பிரசாரகரா என்று யாராவது கேட்டால் ஏழாவதாக ஒரு வரி எழுத வேண்டும். அது எனக்கு வரவில்லை. அதனால் விரித்து எழுதுகிறேன்.

நான் இரசாயனம் படித்தவள். படிப்பு முடிந்ததும் இங்கே ஒரு பிலிம் லாப்பில் வேலை கிடைத்தது. முதலில் கழுவும் தொட்டிகளின் கரைசல்களைச் சோதிக்கிற வேலை, பிறகு கிரேடிங். எடுத்த படத்துக்குப் பிரதி போடும்போது ஒவ்வொரு காட்சிக்கும் சிவப்பு, பச்சை, நீல ஒளியை எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பதற்குத்தான் கிரேடிங் என்று பெயர். மணமகள் நீலம் பாரித்துப் போயிருந்தால் அவளை மறுபடி மனுசியாக்குவது என் பொறுப்பு. செய்திப் படம், விளம்பரப் படம், ஆட்டுக்கு உண்ணி மருந்து அடிப்பதைச் சொல்லித்தரும் படம் எல்லாம் எங்களிடம் வரும். சனிக்கிழமை நடந்த கலியாணங்கள் திங்கட்கிழமை வரும்.

கலியாணப் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பிடரிகள், பாதியில் வெட்டுப்பட்ட நெற்றிகள், கேக், கேக்கை மறைக்கும் பூச்சாடி. ஒரு திங்கட்கிழமை மால்டாக்காரக் குடும்பம் ஒன்றின் கலியாணம் வந்தது. தேவாலயத்தின் வாசல் மண்டபத்தில் மணமகளின் தகப்பன் தனியே நிற்கிறார். கையில் தொப்பி. பின்னால் இருக்கும் மங்கல் கண்ணாடிக் கதவில் ஆட்களின் நிழல்கள் வந்து போகின்றன. அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். அதன் முன்பக்கம் எது என்று அவருக்கு மறந்துவிட்டது. கதவு திறக்கிறது, வெளிச்சம் அவருடைய கைகளில் மட்டும் விழுகிறது. இவ்வளவுதான் காட்சி. நான் மெஷினை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். ஒளியளவில் நான் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அந்த மனிதர் மகளைக் கொடுக்கப் போகிறார் என்பதை ஒரு தொப்பியை வைத்துச் சொல்ல முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

யார் எடுத்தது என்று பக்கத்து மேசையில் கேட்டேன். அங்கே நெகட்டிவ் வெட்டி ஒட்டுகிற பெண் இருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். லாப்பில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. டப்பாவில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார். வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மத்தியானம் பின்முற்றத்து மரப்பலகை வாங்கில் சாப்பிடும்போதுதான் சொன்னார். இருவரும் ஒரே நாட்டவர்கள். மத்தியதரைக் கடலோரம் இருக்கும் அந்த நாட்டின் பெயரை விட்டுவிடுகிறேன். இந்த நகரத்தில் அந்த நாட்டவர்கள் நிறையப் பேர், ஒருவரைச் சொன்னால் எல்லோரையும் சொன்னது போலாகிவிடும். அங்கே பல வருடங்கள் இராணுவத் தளபதி ஒருவரின் ஆட்சி நடந்தது. தளபதிக்கு அணிவகுப்புகளையும் அணைக்கட்டுகளையும் கூட்டங்களையும் படமாக்கித் தந்தவர் இவர். கைதிகளை வைத்திருந்த தீவு ஒன்றையும் எடுத்தார். அந்தப் படத்தில் கைதிகள் கடலில் குளிப்பார்கள், பந்து விளையாடுவார்கள், மரத்தடியில் பத்திரிகை வாசிப்பார்கள். பத்திரிகை வாசித்தவர்களில் ஒருவர் இந்தப் பெண்ணின் தம்பி. நிமிர்ந்து கமராவைப் பார்த்துச் சிரிப்பாராம்.

“கேவலமாக எடுத்திருந்தால் நாங்கள் காறித் துப்பிவிட்டுப் போயிருப்போம். அழகாக எடுத்திருந்தான். என் அம்மா அந்தப் படம் ஓடிய நாளெல்லாம் தியேட்டருக்குப் போனாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒரு துண்டுதான். அதைப் பார்ப்பதற்காக டிக்கெட் வாங்கினாள், தளபதியின் பாட்டுக்கு எழுந்தும் நின்றாள்.”

தம்பி பிறகு வெளியே வந்தார், ஒரு காது கேட்காமல். மால்டாக் கலியாணம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தெரியும் என்றார் அவர். அதன் பிறகு அந்த மனிதரின் டப்பாக்கள் வந்தால் வேறு யாரோ வெட்டுவார்கள். மேலாளரும் காரணம் கேட்பதில்லை.

இனி என் பிரச்சினை. என்னவர் மலேசியத் தமிழர், பல்கலைக்கழகத்தில் பழக்கம். அவருடைய விசாவுக்கு வேண்டியிருந்ததால் நாங்கள் முதலில் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டோம். தாலி, சடங்கு எல்லாம் அடுத்த வருடம் ஊரில் என்று திட்டம். ஆனால் ‘பதிவு’ என்ற சொல் எங்களுக்கு முன் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே பதிவெழுத்து மட்டும் முடிந்த பெண் என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். மூத்தவள் மலாயாக்காரனுடன் ஓடிவிட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. என் தங்கைக்கு ஓர் ஆசிரியரைப் பேசியிருந்தார்கள். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்து, மூத்தவளின் கழுத்தில் தாலி ஏறினதை எத்தனை பேர் கண்டார்கள் என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் போனாராம்.

அப்பா ஊரிலிருந்து ரங்க் கோல், தொலைதூரத் தொலைபேசி அழைப்பு, எடுத்தார். எங்கள் வீட்டில் ரங்க் கோல் என்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் நான் முதலில் பயந்தேன்.

“பிள்ளை, அடுத்த வருசம் எண்டு இருக்கேலாது. அங்கயே தாலியைக் கட்டு. ஆக்களைக் கூப்பிடு. படம் எடுத்து அனுப்பு, ஓடுற படம். ஸ்ரூடியோப் படம் ஆரும் எடுக்கலாம். படத்தில சனம் தெரியவேணும்.”

“இஞ்ச சனம் இல்லை அப்பா.”

“தங்கச்சியை நினை” என்றார். லைன் போய்விட்டது.

தெரிந்த தமிழ்க் குடும்பங்களை எல்லாம் எழுதிப் பார்த்தேன். கிளென் வேவர்லியில் சிலர், ரயில் பாதையின் மற்ற முனையில் சிலர். சிட்னியில் இருந்த இரண்டு குடும்பங்களால் வர முடியவில்லை. தாள் பாதிகூட நிறையவில்லை. என்னவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “பக்கத்துல பந்து வெளாடற ஃபுட்டி கிளப் இருக்குலா. அம்பது பேர் வருவான். வேட்டிய கட்டிவிட்டு, பீர் இருக்குன்னு சொன்னா போதும்” என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் பிறகு சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்த மனிதர் தன் டப்பாக்களை எடுக்க லாப்புக்கு வந்தார். உயரமானவர், நரைத்தவர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. கமராவை மரக்கறி வாங்கும் பையில் வைத்துக் கொண்டுவருவார். அவருடைய ஆட்கள் அவரைத் தங்கள் கலியாணங்களுக்குக் கூப்பிடுவதில்லை. மால்டாக்காரர், இத்தாலியர், போலந்துக்காரர் என்று மற்றவர்களின் கலியாணங்களைத்தான் எடுத்து வந்தார். என் சிநேகிதி உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தேதான் நான் கவுண்டருக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கலியாணத்துக்கு வரக்கூடியவர்கள் இவ்வளவு பேர், படத்தில் தெரிய வேண்டியவர்கள் இவ்வளவு பேர்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: “யார் நம்ப வேண்டும்?”

“ஒரு பெண். என் தங்கையின் மாமியாராக வரப்போகிறவர்.”

“ஒருவரை நம்பவைப்பதுதான் கஷ்டம்” என்றார். “இலட்சம் பேர் என்றால் எனக்குத் தெரியும்.”

சிநேகிதியிடம் நானே போய்ச் சொன்னேன், அவரைத்தான் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று. அவர் நெகட்டிவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன் தங்கைக்காக” என்றார். கேள்வியா, மன்னிப்பா என்று புரியவில்லை. நான் ஓம் என்று தலையாட்டினேன். கலியாணத்துக்கு என்ன நிறத்தில் உடுத்து வரலாம் என்று கேட்டார். கறுப்பும் வெள்ளையும் வேண்டாம் என்றேன்.

கலியாணத்துக்கு முதல் நாளே படப்பிடிப்பாளர் மண்டபத்தைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு மூலையிலும் குந்தியிருந்து பார்த்தார். கமராவை வெளியே எடுக்கவேயில்லை. கடைசியில், கதிரைகள் எல்லாவற்றையும் வெளியே போடச் சொன்னார். கூட்டம் குறைவு என்பது யாருக்கும் உறைக்காது, காலிக் கதிரைதான் உறைக்கும் என்றார். பிறகு மணவறையை மேடையிலிருந்து இறக்கி, பக்கச் சுவருக்கும் சமையல் நடக்கும் குசினியின் கதவுக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான இடத்தில் வைக்கச் சொன்னார். அப்பிள் பெட்டிகளை அடுக்கிச் சிவப்புத் துணி போர்த்திய மணவறை அது. எங்கள் அன்ரிமார் முணுமுணுத்தார்கள். இவ்வளவு பெரிய மண்டபத்தை எடுத்துவிட்டுக் குசினி வாசலில் தாலி கட்டுவதா என்று.

கலியாணத்தன்று மாவிலைக்குப் பதில் எலுமிச்சை இலை. மேளம் றேப் ரெக்கோடரில். சடங்கை நடத்தியவர் மின்சாரத் துறையில் எஞ்சினியர், ஊரில் கோயில் குடும்பம். எல்லாம் சரியாகவே நடந்தது. அறுகரிசி போடும் நேரம் வந்தது. சோடி சோடியாக வந்து எங்கள் தலையிலும் தோளிலும் அறுகும் அரிசியும் இட்டு ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம். சாதாரணமாக அது கால் மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். படப்பிடிப்பாளர் ஒரு முழங்காலில் நின்று, கமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஆசீர்வதித்தவர்களைக் குசினிக் கதவால் வெளியே போய் முன்வாசலால் திரும்ப வரச் சொன்னார். ஆண்களைக் கோட் மாற்றிக்கொள்ளச் சொன்னார். கண்ணாடி போட்டவர் கழற்ற வேண்டும், போடாதவர் போட வேண்டும். குழந்தைகளைக் கைமாற்றித் தூக்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் வெட்கம். பிறகு வெட்கம் போய்விட்டது. குசினிப் பக்கம் ஒரே சிரிப்பு. “அங்கிள், உந்தக் கோட் உங்களுக்குக் காணாது, வயிறு கேஸ் போடும்” என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. கிளென் வேவர்லி அன்ரி ஒருவர், மாம்பழ மஞ்சளில் ஊதாக் கரை போட்ட காஞ்சிபுரம் உடுத்தவர், மூன்றாம் முறை வந்து என் தலையில் அரிசி இட்டபோது காதுக்குள் சொன்னார்: “மூண்டு தரம் ஆசீர்வதிச்சிட்டன் பிள்ளை. மூண்டையும் நீதான் பெறவேணும்.”

என் சிநேகிதி பச்சை உடுப்பில் அழகாக வந்திருந்தார். முதலாம் ஆளாக வந்து என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, கமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். படப்பிடிப்பாளருக்கு ஆள் தேவை. அவரிடம் போய் மெல்லிய குரலில் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். சிநேகிதி ஆங்கிலத்தில், எனக்கும் கேட்கும்படி, பதில் சொன்னார்.

“உன் கூட்டத்தில் நான் இல்லை.”

படப்பிடிப்பாளர் தலையை ஒருமுறை தாழ்த்தினார். அதன் பிறகு அன்று முழுவதும் அந்தப் பச்சை உடுப்பின் ஓரம்கூடப் படத்தில் விழவில்லை. அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் ஒருவரை விட்டுவிட்டுப் படம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்தத் தொப்பிக் காட்சியில் என்றால், அது நிலைத்தது இதில்தான்.

அறுகரிசிக்கு முந்தி நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தாலி கட்டுவதற்குச் சற்று முன், அவர் கமராவோடு எனக்கு மிக அருகில் வந்து குந்தினார். நான் குனிந்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

“உன் அம்மா வந்திருந்தால் எந்த இடத்தில் நின்றிருப்பார்?”

நான் நிமிர்ந்தேன். என்னையறியாமல் முகங்களுக்குள் தேடினேன். குசினிக் கதவடியில் நின்றிருப்பார், சாப்பாட்டிலும் ஒரு கண் வைத்துக்கொண்டு என்று தோன்றியது. அங்கே யாரும் இல்லை. கமரா ஓடும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தாலி ஏறியது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, படத்தில்தான் பார்த்தேன்.

படம் லாப்புக்கு வந்தது. என் சிநேகிதி அதைத் தொடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவருடைய மேசையில், அவர் சாப்பிடப் போகும் நேரங்களில், நானே கையுறை போட்டு என் கலியாணத்தை வெட்டி ஒட்டினேன். எந்தக் காட்சிக்குப் பின் எது என்று படப்பிடிப்பாளர் தாளில் எழுதித் தந்திருந்தார், தாலி கட்டுவதைக் கடைசியில் வைத்து. ஒட்டி முடித்து ஓட்டிப் பார்த்தேன். தோள்கள், கைகள், கொண்டைகள், அரிசி, மறுபடி தோள்கள். இரு பக்கமும் நெருக்கி, முடிவில்லாமல் வந்துகொண்டேயிருந்தார்கள். அங்கே இருந்த எனக்கே, யார் இவ்வளவு பேர் வந்தது என்று தோன்றியது.

இரண்டாம் முறை ஓட்டியபோது மஞ்சள் சேலையைக் கண்டேன். மூன்று இடத்தில். ஆண்களின் கோட்டை மாற்றச் சொன்ன அவருக்கு, சேலையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எல்லாம் பிரகாசமான துணிகள், ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அவருடைய நாட்டுக் கூட்டங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த அன்ரியை வெட்டவும் முடியாது. வெட்டினால் வரிசை அறுந்துவிடும். நான் கிரேடர் என்பதால் என்னால் முடிந்ததைச் செய்தேன். இரண்டாம் இடத்தில் சிவப்பைக் கூட்டினேன், சேலை செம்மஞ்சளானது. மூன்றாம் இடத்தில் பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன், எலுமிச்சை நிறமானது. முகங்கள் கெடாத அளவுக்குத்தான் போகலாம். அந்த எல்லைவரை போனேன்.

முதல் பிரதியைப் பார்க்க அவர் வந்தார். லாப்பின் சிறிய திரையரங்கில் நாங்கள் இருவர்தான். மூன்றாம் சேலையில் திரும்பி என்னைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்தார். பிறகு மரக்கறிப் பையிலிருந்து ஒரு சிறிய சுருளை எடுத்து, இதையும் ஓட்ட முடியுமா என்று கேட்டார். நாட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது அது ஒன்றுதானாம்.

கறுப்பு வெள்ளை. மழையில் ஒரு விளையாட்டரங்கு. கறுப்புக் குடைகள், குடைகளின் மேல் குடைகள், ஒரு கடல் போல் மூச்சுவிடுகின்றன. தளபதி வருகிறார் என்பது திரையில் தெரியாது. குடைகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மெல்லச் சரிகின்றன, அதிலிருந்து தெரியும். நான் என் வேலையில் ஆயிரக்கணக்கான அடி படம் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகான நிமிடத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். ஒரு பாடசாலைப் பிள்ளைகள்தான் என்றார். அரங்கு காலி. மழை அவருக்கு உதவி செய்தது.

“தளபதி இதைப் பார்த்துவிட்டு அழுதான்” என்றார். “மக்கள் தன்னை இவ்வளவு நேசிப்பதை நம்பினான். அதுவரை மக்களைத்தான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் பயந்தேன்.”

“அதற்குப் பிறகும் எடுத்தீர்களா?”

“எடுத்தேன். தீவு அதற்குப் பிறகுதான்.”

என் சிநேகிதியின் தம்பியைப் பற்றிக் கேட்டேன். மரத்தடியில் பத்திரிகை வாசித்தவர். என்ன சொல்லி அவரைச் சிரிக்க வைத்தீர்கள் என்று. என்னிடம் அம்மாவைக் கேட்டது போல் ஏதோ ஒன்றை அவரிடமும் கேட்டிருப்பார் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நினைவில்லை என்றார். நிறையப் பேரிடம் நிறையக் கேட்டிருக்கிறேன் என்றார். நல்லதாக ஒரு பதிலைக் கட்டிச் சொல்ல அவருக்குத் தெரியாமலில்லை. சொல்லவில்லை.

படம் யாழ்ப்பாணம் போனது. அங்கே நடந்ததை, அடுத்த வருடம் தாதிப் பயிற்சிக்கு இங்கே வந்த என் மச்சாள் எங்கள் குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சொன்னாள்.

பாடசாலை ஒன்றில் புரொஜெக்டர் இரவல் வாங்கி, அந்தப் பாடசாலை மண்டபத்திலேயே போட்டார்களாம். ஊர் வந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் முன்வரிசையில். படத்தில் ஒலி கிடையாது. அதனால் அம்மா எழுந்து நின்று ஒவ்வொன்றையும் விளங்கப்படுத்தினாராம். மணவறை வந்தது, அறுகரிசி வந்தது. மஞ்சள் சேலை வந்தது. பிறகு செம்மஞ்சள் சேலை. எலுமிச்சைச் சேலை வந்தபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பெண்கள் நிறத்தைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தார்கள், தலைப்பில் இருந்த மயிலைப் பார்த்தார்கள், தோளில் ஊசி குத்தியிருந்த இடத்தைப் பார்த்தார்கள்.

“ஆரோ பின்னால இருந்து, ‘உந்த மயில் முந்தியும் பறந்ததல்லோ’ எண்டு கேட்டிட்டுது. உங்கட அம்மாவுக்கு முகமே மாறேல்லை. ‘அங்க நல்ல சீலைக்கடை ஒண்டுதான், எல்லாரும் அங்கதான் எடுக்கிறவை’ எண்டா. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் நினைச்சன், சரி, தங்கச்சியின்ர கதை முடிஞ்சுது எண்டு.”

“அப்பா?”

“அவர் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டு நிண்டார், பழுதாப் போனமாதிரி.”

பிறகு தாலி கட்டும் காட்சி வந்ததாம். நான் நிமிர்ந்து கூட்டத்துக்குள் தேடுகிறேன். சிரிப்பு நின்றது. அம்மா விளக்குவதை நிறுத்திவிட்டார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லோரும் மாப்பிள்ளையின் தாயைத்தான் பார்த்தார்கள். அவர் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு அம்மாவிடம் வந்தாராம்.

“சனம் எவ்வளவெண்டு எனக்கு விளங்கீட்டுது. அது கிடக்கட்டும். உம்மட பிள்ளை தாயைத் தேடினதைக் கண்டனான். ஓடிப்போனவள் வாசலைத்தான் பாப்பாள், சனத்துக்குள்ள தேடமாட்டாள். கலியாணத்துக்கு நாளை வையுங்கோ.”

அன்று அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனாராம்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு மச்சாளுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். படப்பிடிப்பாளர் கட்டிய கூட்டத்தை ஒருவரும் நம்பவில்லை. நம்பப்பட்டது அந்த ஒரு பார்வை. அதையும் அவர்தான் கேட்டு வாங்கினார். ஆனால் நான் தேடியது பொய்யில்லை. இதை எந்தப் பக்கம் எழுதுவது?

தங்கையின் கலியாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஊரே வந்ததாம், பந்தி ஐந்து தரம் வைத்தார்களாம். படங்கள் வந்தன. ஊர் ஸ்ரூடியோக்காரர் எடுத்தவை. மணமக்கள், இரண்டு குத்துவிளக்கு, வெறும் சுவர், ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. பார்த்தால் நாலு பேர் வந்த கலியாணம் போல் இருக்கிறது. அந்தப் படங்களை லாப்புக்குக் கொண்டுபோய்ச் சிநேகிதியிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உன் தங்கை சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அப்படியானால் அந்த மனிதன் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறான், எழுதி வைத்துக்கொள், ஆனால் என் தம்பியின் கணக்கில் கழிக்காதே என்றார்.

அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த மனிதரை நான் மதிப்பதும் குறையவில்லை. தொப்பியைச் சுற்றிய தகப்பனைக் கண்டவர் அவர். குடைகளைச் சரிய வைத்தவரும் அவர். என்னிடம் அம்மாவைக் கேட்டவரும் அவர். ஒரே கண், ஒரே கை. கலைஞர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பிரசாரகர் என்று என் சிநேகிதி சொல்லும்போது மறுக்கவும் எனக்கு ஒன்றுமில்லை.

இப்போதைய நிலை இது. தங்கைக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள், மாமியாரோடு ஒத்துப்போகிறாள். அந்த மனிதர் இப்போது எங்கள் ஆட்களின் கலியாணங்களையும் எடுக்கிறார், ரோவில் என்ற புறநகர்வரை போகிறார். அவர் படங்களை நான்தான் கிரேட் செய்கிறேன். என் சிநேகிதி அவற்றை வெட்டுவதில்லை. மத்தியானத்தில் நாங்கள் இருவரும் அதே வாங்கில் இருந்து சாப்பிடுகிறோம்.